ராணுவ மாப்பிள்ளை, வெளிநாட்டு வரன்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான சட்ட வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்தில் வரன் பார்க்கும் வீடுகளில் இரண்டு செய்திகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று, மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார் என்பது. மற்றொன்று, வெளிநாட்டிலேயே குடியுரிமை வாங்கிவிட்டார் என்பது. இரண்டிலும் வியப்பில்லை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் போகிறது. அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கும் வி.ஐ.டி.க்கும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் குடும்பங்களுக்கு வெளிநாட்டு உறவுகள் பழகிப்போனவை.

இந்தக் கல்யாணங்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். முதலில் மண்டபத்துக்கு முன்பணம், அடுத்து பத்திரிகை, அதற்கப்புறம் முகூர்த்தம், எல்லாம் முடிந்து மூச்சு விட்ட பிறகு சார்பதிவாளர் அலுவலகம் என்று போகிறோம். உள்ளூர் மாப்பிள்ளைக்கு இந்த வரிசை பெரிதாகக் கெடுதல் செய்யாது. ராணுவத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் இதே வரிசை மாதக்கணக்கில் அலைய வைக்கும். சிலருக்கு வேலையோ விசாவோ போய்விடும். ஆகவே முகூர்த்தம் குறிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

முதல் படி: எந்தச் சட்டத்தின் கீழ் என்று முடிவு செய்யுங்கள்

இருவரும் இந்துக்கள், இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் போதும். தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்துக்கு 7ஏ என்ற பிரிவு உண்டு. 1967இல் சுயமரியாதைத் திருமணங்களுக்காகச் சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ அது சட்டப்படி திருமணம். புரோகிதர் தேவையில்லை. ஊரறியச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அக்னிவீர் பற்றியும் அமெரிக்க விசா பற்றியும் பேசும்போது திரும்ப வரும்.

ஒருவர் கிறிஸ்தவர் என்றாலும் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி தேவாலயத்தில் திருமணம் செய்யலாம். முஸ்லிம்களுக்கு நிக்காஹ் இருக்கிறது. மதம் வேறு வேறு என்றாலோ, ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றாலோ 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பாதுகாப்பான வழி. மலேசியத் தமிழர், சிங்கப்பூர்த் தமிழர் என்று இரு வீட்டாரும் இந்துக்களாகவே இருந்தாலும், குடியுரிமை வெளிநாட்டுடையது என்றால் இந்த வழியையே சொல்வேன். பிற்பாடு எந்த நாட்டு அதிகாரியும் அந்தச் சான்றிதழைப் பார்த்து எந்த மதச் சடங்கு நடந்தது என்று கேட்கப்போவதில்லை.

எந்தச் சட்டமானாலும் மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முஸ்லிம் தனிச்சட்டப்படி நடக்கும் நிக்காஹ் தவிர மற்றவற்றில், இருவருக்கும் உயிருடன் இருக்கும் வேறு துணை இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: ஆடியில் நோட்டீஸ், ஆவணியில் கல்யாணம்

சிறப்புத் திருமணச் சட்டத்தில் காலக்கணக்குதான் உயிர். தமிழ்நாட்டில் சார்பதிவாளரே திருமண அலுவலர். அவரிடம் இருவரும் கையெழுத்திட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவர், கவனியுங்கள், ஒருவர் மட்டும், அறிவிப்புக்கு முந்தைய 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருந்தால் போதும். காட்பாடியிலேயே பிறந்து வளர்ந்த பெண் என்றால் இந்த நிபந்தனை தானாக நிறைவேறிவிடுகிறது. மாப்பிள்ளை நேற்றுதான் விமானத்திலிருந்து இறங்கினார் என்பது தடையாகாது.

அறிவிப்பின் நகல் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் ஒரு நகல் அந்த மாவட்டத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்ள நினைக்கும் ஜோடிகள் இதை அறிந்திருக்க வேண்டும். வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் யாரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஆனால் வயது, ஏற்கெனவே ஆன திருமணம், தடை செய்யப்பட்ட நெருங்கிய உறவு, மனநிலை போன்று சட்டத்தின் 4ஆம் பிரிவில் உள்ள காரணங்கள் மட்டுமே செல்லும். சாதி பிடிக்கவில்லை, மாமனுக்குச் சம்மதமில்லை என்பதெல்லாம் ஆட்சேபணை ஆகாது. ஆட்சேபணை வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆட்சேபணை இல்லாவிட்டால், அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். தவறினால் அந்த அறிவிப்பு செல்லாது, மறுபடி முதலிலிருந்து. ஜூலை 20இல் நோட்டீஸ் கொடுத்து அன்றே ஒட்டினால் ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் 20க்குள். நம் பஞ்சாங்கத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கல்யாணம் வைக்காத ஆடியில் நோட்டீஸ் கொடுங்கள். ஆவணி முகூர்த்தம் கைக்கு வந்துவிடும். மார்கழியில் கொடுத்தால் தை.

திருமண நாளன்று மூன்று சாட்சிகள் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் சட்டப்படியான கணவனாகவும் மனைவியாகவும் ஏற்கிறோம் என்று, இருவருக்கும் புரியும் ஏதாவது ஒரு மொழியில் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். கூடுதல் கட்டணத்தில் அலுவலர் அருகிலுள்ள மண்டபத்துக்கே வந்து நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு.

இப்போது வரிசை ஏன் முக்கியம் என்று பாருங்கள். மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு, பிறகு அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிவு செய்யப் போனால் நிபந்தனைகள் கடுமையாகிவிடும். அங்கே ஒருவர் போதாது. இருவரும் 30 நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு 30 நாள் அறிவிப்புக் காலம். பதிவு செய்யும் நாளில் இருவருக்குமே 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் நேரடியாக இந்தச் சட்டத்தில் திருமணம் செய்துகொள்ளலாம். முன்பே நடந்த கல்யாணத்தை இதில் பதிவு செய்ய இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். மூன்று வார விடுமுறையில் வந்த மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுவார், மனைவி என்று காட்ட ஒரு தாளும் இல்லாமல் பெண் இங்கே நிற்பாள். முதலில் சார்பதிவாளர் முன் திருமணம், பிறகு எந்தச் சடங்கு வேண்டுமானாலும்.

இருவரும் இந்தியர், சடங்கு முறையில் கல்யாணம் என்றால் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். தாமதக் கட்டணத்துடன் அடுத்த 60 நாள் வரை வாய்ப்பு உண்டு.

மூன்றாம் படி: வெளிநாட்டவர் கொண்டுவர வேண்டியவை

பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா, பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று. மணமாகாதவர் சான்றுதான் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அவர் ஊர்ப் பதிவு அலுவலகம் தடையின்மைச் சான்று தரும். அமெரிக்க அரசு அப்படி ஒரு சான்று தருவதில்லை. அவர் தாமே பிரமாணப் பத்திரம் எழுதி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து நோட்டரி முத்திரை பெற வேண்டும். பிரெஞ்சுக் குடிமக்களுக்குப் புதுச்சேரியில் துணைத் தூதரகம் இருக்கிறது. எந்த நாடானாலும், சார்பதிவாளர் எந்த வடிவத்தில் கேட்கிறார் என்று முன்கூட்டியே நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்பது மாறுகிறது.

முப்பது நாள் இ-டூரிஸ்ட் விசாவில் வந்தால் நோட்டீஸ் காலமே முடியாது. நீண்ட கால விசாவில் வரச் சொல்லுங்கள். அவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தகவல் கொடுங்கள். பல வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள்; பிறகு விசா நீட்டிப்புக்குப் போகும்போது கேள்வி வருகிறது.

ஏற்கெனவே மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் இறுதித் தீர்ப்பின் நகலைக் கையில் வாங்கிப் படியுங்கள். முதல் திருமணம் இந்தியாவில் இந்து முறைப்படி நடந்து, வெளிநாட்டு நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாக விவாகரத்து வாங்கியிருந்தால் அது இங்கே செல்லாமல் போகலாம். எந்த நிலையில் அப்படிப்பட்ட தீர்ப்பு செல்லும், செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் மனைவி உயிரோடிருந்து, அந்த விவாகரத்தும் செல்லாது என்றால் இரண்டாவது திருமணமே இல்லாததாகிவிடும். பெண் வீட்டார் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். நகல் கேட்டதற்குக் கோபப்படும் வரனை விட்டுவிடுவதில் நட்டமில்லை.

மாப்பிள்ளை வரவே முடியாவிட்டால் காணொளியில் முடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு ஜோடிக்கு அப்படி அனுமதி அளித்தது உண்மை. அது வழக்குப் போட்டுப் பெற்ற உத்தரவு. சார்பதிவாளர் தாமாகச் செய்துகொடுக்கும் வசதி அல்ல.

நான்காம் படி: பெயரையும் ஊரையும் ஒன்றாக்குங்கள்

எல்லாத் தாள்களையும் ஒரு மேசையில் பரப்பி வையுங்கள். பிறப்புச் சான்றில் பெண்ணின் பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கலாம்; பெயர் சேர்க்காமலே பதிந்த காலம் அது. பள்ளிச் சான்றில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில். நமக்கு மூன்றும் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அடிப்படையாக வைத்து, திருமண அறிவிப்பிலும் எழுத்துக்கு எழுத்து அதையே எழுதுங்கள்.

ஊர்ப் பெயரிலும் நமக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டானது. அம்பேத்கர் மாவட்டம் பின்னர் வேலூர் ஆனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே ஆற்காட்டில் பிறந்த ஒரு பெண்ணின் பிறப்புச் சான்று வட ஆற்காடு என்றும், ஆதார் வேலூர் மாவட்டம் என்றும் சொல்லும். அவள் இன்று வசிப்பதோ ராணிப்பேட்டை மாவட்டத்தில். முப்பது நாள் வசிப்பிடக் கணக்கு மாவட்டத்தை வைத்துத்தான் என்பதால், ஆம்பூர், அரக்கோணம், வாலாஜாபேட்டைக்காரர்கள் ஆதார் முகவரியை முதலில் புதுப்பிப்பது நல்லது. தூதரகத்துக்கு அனுப்பும்போது மாவட்டப் பிரிவினையை விளக்கும் ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்து வையுங்கள்.

ஐந்தாம் படி: இந்தியப் படைவீரரை மணப்பவர்கள்

முதலில் அக்னிவீர்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி மணமாகாதவர்களையே சேர்க்கிறார்கள். நான்காண்டுப் பணிக்காலத்தில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று உறுதிமொழியும் வாங்குகிறார்கள். மீறினால் பணிநீக்கம். முப்படைக்கும் இதுவே விதி. இங்கேதான் 7ஏ பிரிவு திரும்ப வருகிறது. பதிவு செய்யாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்று இரு வீட்டாரும் பேசி முடிப்பதைக் கேட்டால் பதறுகிறது. அது சட்டப்படி முழுத் திருமணம். ஒரு புகைப்படம் வெளியே வந்தால் பையனின் வேலை போகும். மறைத்தால் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பையனுக்கு எல்லையில் ஏதாவது நேர்ந்தால் அவள் யாரும் இல்லை. நிச்சயதார்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காண்டு முடிந்து நிரந்தரப் பணிக்கு முயல்வோரும் அந்தத் தேர்வு முடியும் வரை பொறுத்திருப்பதே நல்லது. அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் கேடட்டுகளுக்கும் பயிற்சிக் காலத்தில் திருமணம் கிடையாது.

வழக்கமான பணியில் இருக்கும் ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. இருவரும் இந்துக்கள் என்றால் காத்திருப்புக் காலம் இல்லை. ஒரே விடுப்பில் கல்யாணமும் பதிவும் முடித்துவிடலாம். மதம் மாறுபட்ட ஜோடி என்றால், தற்செயல் விடுப்பில் வந்து நோட்டீஸில் கையெழுத்து, மூன்று மாதத்துக்குள் ஆண்டு விடுப்பில் வந்து கல்யாணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடுப்பு ரத்தாவது பட்டாளத்தில் சாதாரணம். மூன்று மாதக் கெடுவின் கடைசி வாரத்துக்குத் தேதி வைக்காதீர்கள்.

படையில் இருப்பவர் வெளிநாட்டவரை மணப்பது வேறு கதை. அரசின் முன்அனுமதி வேண்டும். அது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அனுமதி வரும் வரை நோட்டீஸ்கூடக் கொடுக்க வேண்டாம். சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் இருப்பவர்கள் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி வெளிநாட்டவரை மணந்ததை உடனே தெரிவிக்க வேண்டும்.

திருமணம் முடிந்ததும் மிக முக்கியமான வேலை, யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ஆணை, வெளியாவது. திருமணச் சான்றிதழ், இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம், மனைவியின் ஆதார் நகல் ஆகியவற்றை வீரர் கொடுக்க வேண்டும். அந்த ஆணையில் பெயர் ஏறினால்தான் குடும்பத்துக்கான மருத்துவ வசதி, கேன்டீன் அட்டை, காப்பீட்டு நியமனம், பின்னாளில் குடும்ப ஓய்வூதியம் எல்லாம். ஆணை வெளியானதும் நகலை வாங்கி மனைவி கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஓர் இலக்கம் ஆதாரோடு மாறியிருந்தாலும் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். வீரர் உயிரோடு பணியில் இருக்கும்போது ஒரு மனுவில் முடியும் திருத்தம் அது. முப்பது வருடம் கழித்து, கணவரை இழந்த ஒரு அம்மா அதே எழுத்துக்காகப் படியேறி இறங்குவதை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு திருமணமோ மறுமணமோ செய்துகொண்ட முன்னாள் படைவீரர்கள், மனைவி பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க ரெக்கார்ட் ஆபீசுக்கு (படையின் ஆவண அலுவலகம்) எழுத வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதில் உதவும். படைவீரரின் விதவை மறுமணம் செய்யும் முன், தமக்கு வரும் ஓய்வூதியம் எந்த வகை, மறுமணத்தால் என்ன ஆகும் என்று அதே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஆறாம் படி: மாப்பிள்ளை அமெரிக்க ராணுவத்தில் இருந்தால்

அமெரிக்கக் குடிமகனுக்கு இரண்டு பாதைகள். வருங்கால மனைவிக்கான கே-1 விசாவில் பெண் அங்கே போய் 90 நாளுக்குள் மணப்பது. அல்லது இங்கே மணந்து மனைவி விசாவுக்கு மனுச் செய்வது. கே-1க்கு இருவரும் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும், இருவரும் மணமாகாதவராக இருக்க வேண்டும். மனுப் போட்டுவிட்டு, பாட்டி ஆசைப்படுகிறாள் என்று வேலூரில் ஒரு சின்னக் கல்யாணம் வைத்தால் கே-1 அங்கேயே முறிந்துவிடும். மாலை, தாலி, மணமேடைப் படங்கள் விசா அதிகாரிக்குக் கல்யாணமாகத்தான் தெரியும். மாப்பிள்ளையும் இந்து என்றால் நம் சட்டப்படியும் அது கல்யாணமே. நிச்சயதார்த்தம் நிச்சயதார்த்தமாகவே இருக்கட்டும்.

அவர் பாதுகாப்பு அனுமதி பெற்ற பணியில் இருந்தால் வெளிநாட்டவரை மணக்கப்போவதைத் தம் மேலிடத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். திருமணத்துக்குப் பிறகு மனைவியை டீர்ஸ் என்ற ராணுவப் பதிவில் சேர்த்தால்தான் அவளுக்கு அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். அதற்கு அசல் திருமணச் சான்றிதழ் வேண்டும்.

ஏழாம் படி: மேல்மொணவூர், குடியாத்தம் முகாம்களில் சம்பந்தம்

இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவரும் சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. பாஸ்போர்ட் இல்லாதவர் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பு, குடியுரிமை ஆவணங்களைக் கேட்டுப் பெற முயல வேண்டும். 2015 ஜனவரி 9 வரை வந்து அரசிடம் பதிந்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை அல்ல. இந்தியரை மணப்பதாலும் குடியுரிமை தானாக வராது. பிள்ளைகள் விஷயம் இன்னும் கவனமானது. 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற வகையில் சேராதவராகவும் இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. இத்தனை ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தவர்களுக்கு இந்த நிலை நியாயமற்றது என்பது என் கருத்து. ஆனால் சட்டம் மாறும் வரை, திருமணத்துக்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: சான்றிதழ் கைக்கு வந்த பிறகு

இங்கேயே தங்கப்போகும் வெளிநாட்டுக் கணவன் அல்லது மனைவி, இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலக இணையதளம் வழியாகத் தம் விசாவை இந்தியரின் துணைக்கான விசாவாக மாற்ற விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நிலைத்த பிறகு ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு மனுச் செய்யலாம். பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு அது இல்லை. சி.எம்.சி.க்கு வந்த இடத்தில் மலர்ந்த உறவுகளில் இது தெரியாமல் ஏமாறுவோர் உண்டு. இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு வழியில் விண்ணப்பிக்க ஏழு ஆண்டு இந்தியாவில் வசித்திருக்க வேண்டும்.

பெண் வெளிநாடு போகிறாள் என்றால் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது உடன்படிக்கை நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை. ஐக்கிய அரபு அமீரகம் போன்று அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். மலேசியக் குடிமகனை மணந்தால் ஆறு மாதத்துக்குள் அந்நாட்டுத் தூதரகத்தில் திருமணத்தைப் பதிய வேண்டும். சிங்கப்பூர்க்காரர் என்றால், மனைவி அங்கே நீண்ட காலம் தங்க முடியுமா என்பதைத் திருமணத்துக்கு முன்பே மதிப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடு அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையில் இருக்கிறது. அதை முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சீராகவும் பரிசாகவும் கொடுத்தவற்றுக்கு இருவரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று எழுதி வையுங்கள். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள் இதைக் கேட்கின்றன. நகைப் பெயர், எடை, யார் கொடுத்தது என்று எழுதி, ஒரு பிரதி பெண்ணிடமும் ஒரு பிரதி அவள் பிறந்த வீட்டிலும் இருக்கட்டும். திருமணச் சான்றிதழில் சான்றளிக்கப்பட்ட நகல்கள் மூன்று நான்கு கூடுதலாக வாங்கிவிடுங்கள். ஒன்று விசாவுக்குப் போகும், ஒன்று யூனிட்டுக்குப் போகும். அசல் பெண்ணை விட்டு வெளியே போகக் கூடாது.